ஏழு நாள் சாப்பாட்டுக் கணக்கு

"கடந்த ஏழு நாட்களில் உங்கள் வீட்டில் பருப்பு எத்தனை நாள் சமைத்தீர்கள்? மீன் எத்தனை நாள்? பால், தயிர் எத்தனை நாள்?" இவ்விதம் கேட்டு வினாக்கொத்தை நிரப்பிச் செல்பவர்களை எமது குடும்பங்கள் பலமுறை கண்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்த பின்னரும், 2007இல் வாகரை மக்கள் நலன்புரி நிலையங்களில் இருந்தபோதும், 2022இல் அரிசி விலையும் எரிவாயு விலையும் ஏறியபோதும் இந்நாட்டில் இத்தகைய கணக்கெடுப்புகள் நடந்தன. பதில் சொல்லி முடித்ததும் வந்தவர்கள் போய்விடுகிறார்கள். அந்தப் பதில் எப்படிப் புள்ளியாகிறது, புள்ளி எப்படி நிவாரணமாகிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

இது உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் முறை. உணவுகளை எட்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வகையையும் எத்தனை நாள் உண்டோம் என்பதை ஒரு நிறையால் பெருக்குகிறார்கள். சோறு, மா, கிழங்கு ஆகியவற்றுக்கு 2. பருப்பு, பயறு, கச்சானுக்கு 3. மரக்கறி, கீரைக்கு 1, பழத்துக்கு 1. மீன், இறைச்சி, முட்டைக்கு 4. பால், தயிருக்கும் 4. எண்ணெய், சீனி ஒவ்வொன்றுக்கும் அரை. எல்லாம் ஏழு நாளும் உண்டால் மொத்தம் 112. பொதுவாக 21 வரை மோசம், 35 வரை நடுநிலை, அதற்கு மேல் போதுமானது எனக் கொள்வார்கள்.

இப்போது முகாமில் கிடைக்கும் உலருணவை எடுத்துக்கொள்வோம். ஏழு நாளும் சோறு 14, பருப்பு 21, எண்ணெய் மூன்றரை, சீனி மூன்றரை, கூட்டினால் 42. மீன் இல்லை, கீரை இல்லை, ஒரு துண்டுப் பழம் இல்லை; ஆயினும் இக்குடும்பம் "போதுமான" வரிசையில் நிற்கிறது! இந்தக் குறை ஆய்வாளருக்கும் தெரியும். ஆகவேதான் எண்ணெயும் சீனியும் அன்றாடம் சேரும் இடங்களில் எல்லையை 28, 42 என உயர்த்தி வைப்பதுண்டு. அப்போதும் இதே குடும்பம் கோட்டின் மேலேதான் நிற்கும். ஒரு நாள் ஒரு மீன் கிடைத்தால் கோட்டைத் தாண்டிவிடும்.

கதிரவெளியில் சொந்த நிலத்தில் இருக்கும் குடும்பத்தின் சாப்பாடு வேறுவிதம். மாரி வெள்ளாமை நெல், சேனையில் சோளன், குரக்கன், கச்சான், பட்டியிலிருந்து எருமைத் தயிர், கடலிலும் களப்பிலும் மீன், இறால், நண்டு, வேலியில் முருங்கை, முசுட்டை, குறிஞ்சா. குளம் வற்றும் காலத்தில் சேற்றிலிருந்து எடுத்து அவிக்கும் ஒல்லிக்கிழங்கு. காட்டில் பாலைப்பழம், வீரப்பழம், தேன். எருமை உள்ள வீட்டில் தயிர் மட்டுமே கிழமைக்கு 28 புள்ளி. 2006இல் சண்டை மூண்டு மக்கள் ஓடியபோது எருமையைக் கொண்டு ஓட முடியாது. ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருக்கையில், அவ்வாண்டு நவம்பர் 8ஆம் திகதி அங்கு ஷெல் விழுந்து 40 பேருக்கு மேல் மாண்டனர். உயிரே நிற்காத இடத்தில் பட்டியும் விதைநெல்லும் எப்படி நிற்கும்? நிவாரணம் அரிசியையும் பருப்பையும் தந்தது. அந்த 28ஐ எந்தப் பொதியும் தரவில்லை.

இன்னொரு விடயம். ஒல்லிக்கிழங்கு சோற்றோடு ஒரே வகையில் சேர்க்கப்படுகிறது. ஒரு நேரம் சோறு உண்ட நாளில் கிழங்கும் உண்டால் கூடுதல் புள்ளி கிடையாது. ஏழு நாளும் ஏழுவிதக் கீரை சமைத்தாலும் 7தான். தேன் சீனியோடு அரைப் புள்ளிக்குள் அடங்கிவிடும். பஞ்ச காலத்தில் வீட்டைக் காப்பவை இவையே. கணக்கிலோ இவை ஏறக்குறைய மறைந்துபோகின்றன. வாகரைக் கரையோரம் வாழும் வேடர் வழிவந்த குடும்பங்களுக்கு இது பெரிய குறை என்பது எமது எண்ணம். அவர்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இலேயே தமது நூலில் எழுதினர். ஆனால் அவர்களது காட்டுணவுக்கு இன்றைய படிவத்தில் தனி இடம் கிடையாது.

பெண்களின் உணவை அளக்கும் வேறொரு முறையில் நிலை சற்று நல்லது. அது முந்திய ஒரு நாளை மட்டும் கேட்கும். பத்து வகையில் ஐந்தாவது உண்டிருக்க வேண்டும். அங்கே கரும்பச்சைக் கீரை தனி வகை. ஆகவே தாய்மார் "கறி ஒன்றும் இல்லை, கீரைதான்" என்று விட்டுவிடாமல் கீரையின் பெயரையும் சொல்லுங்கள். ஆனால் சம்பலில் போட்ட ஒரு சிட்டிகை மாசியை மீன் என்றும், தேநீரில் கலந்த பால்மாவைப் பால் என்றும் சொல்ல வேண்டாம். இரண்டு முறையிலும் அவை வாசனைப் பொருளாகவே கொள்ளப்படும். அவற்றைச் சேர்த்தால் உங்கள் பசியை நீங்களே மறைத்தவர்களாவீர்கள்.

வினாக்கொத்தின் கடைசிப் பக்கத்தில் வேறு ஐந்து கேள்விகள் வரும். மலிவான உணவுக்கு மாறிய நாள், அளவைக் குறைத்த நாள், வேளையைக் குறைத்த நாள் ஒவ்வொன்றுக்கும் 1. கடனுக்கோ உறவினரிடமோ வாங்கி உண்டதற்கு 2. பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்து உண்டதற்கு 3. இங்கே எண் கூடக் கூட நெருக்கடி கூடியது என்று பொருள். நான்கு நாள் தாய் பாதி வயிற்றோடு இருந்தால் அதற்கு மட்டும் 12. எங்கள் பெண்கள் இந்தக் கேள்விக்கு "எனக்குப் பசியில்லை, அதனால் சாப்பிடவில்லை" என்று சொல்லக் கூடியவர்கள். கணவரும் மாமியும் பக்கத்தில் இருந்தால் நிச்சயம் அப்படித்தான் சொல்வார்கள். தனியே கேட்கும்படி ஆய்வாளரிடம் சொல்வதில் தவறில்லை.

இத்தகைய பதில்களைக் கூட்டித்தான் 2022 செப்டம்பரில் இலங்கையில் 63 இலட்சம் பேருக்கு, அதாவது நூற்றுக்கு 28 பேருக்கு, உணவுப் பாதுகாப்பில்லை என உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் அறிவித்தன. நாடு முழுவதற்குமான ஓர் எண் அது. கதிரவெளிக்கு வேண்டியது பருவக் கணக்கு. அறுவடை முடிந்த பங்குனியில் கேட்டால் எந்த வீடும் நன்றாகவே இருக்கும். களஞ்சியம் காலியான கார்த்திகையில் அதே வீடு வேறு பதில் சொல்லும். 1990களில் றொபேட் சேம்பர்ஸ் போன்றோர் பரப்பிய பங்கேற்பு ஆய்வில், மக்கள் நிலத்தில் கோடு கீறிக் கொட்டைகளை வைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குமான உணவு நாட்காட்டியைத் தாமே வரைவார்கள். எம்மாதம் எக்கிழங்கு, எம்மாதம் கடன் என்பதெல்லாம் அதில் தெரியும். படிவத்தோடு வருபவரிடம் இதற்கும் அரை நாள் கேட்டுப் பாருங்கள். கணக்கெடுத்த மாதத்தை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். முடிவை ஊர்க் கூட்டத்தில் தமிழில் வாசித்துக் காட்டவும் கேளுங்கள்.