எங்கள் தெரு ராட்டினச் சீட்டு முடிந்தது



சீட்டு சேர்ப்பது எப்படி, மகளிர் குழு ஆரம்பிப்பது எப்படி என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நன்றாக நடந்த ஒன்றை முடித்து வைப்பது எப்படி என்று நான் எங்கும் படித்ததில்லை. எங்கள் தெருப் பெண்கள் 1995 ஆடியில் ஆரம்பித்த சீட்டு ஒன்றை 2025 மார்கழியில் முடித்துவிட்டோம். அந்தக் கணக்கு நோட்டு முப்பது வருஷமும் என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. அதனால் எழுதும் பொறுப்பும் எனக்கு வந்து சேர்ந்தது.

அது நகைச் சீட்டும் இல்லை, பாத்திரச் சீட்டும் இல்லை. ராட்டினச் சீட்டு! (சிரிக்காதீர்கள்.) மாதா மாதம் பணம் கட்டி, மே மாதம் வேன் பிடித்து, ஏதாவது ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் நாள் முழுக்க ராட்டினம் சுற்றிவிட்டு வருவது. கோயிலுக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம் என்று எந்தச் சாக்கும் கிடையாது. விளையாடத்தான் போனோம்.

1995ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்தார்கள். நம் நாட்டின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன் ஆரம்பித்தது என்று பேப்பரில் வந்தது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1984ல் படம் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர் இருந்தோம். தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பேச்சு வந்தது. "நாமளும் போனா என்னா?" என்று கேட்டவர் எங்கள் டீச்சர் அக்கா. ஆளுக்கு மாதம் 25 ரூபாய், 18 பேர் என்று ஆரம்பித்தோம். 1996 மே மாதம் முதல் பயணம்.

விடியற்காலை நாலு மணிக்குச் செஞ்சியில் கிளம்பினால் திண்டிவனம், மேல்மருவத்தூர் தாண்டி மதுராந்தகம் ஏரிக்கரையில் இட்லி. பத்து மணிக்குப் பூங்கா வாசல். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் மதியம் ஒருமுறை வெளியே வந்து, வேன் நிழலில் ஜமுக்காளம் விரித்துப் புளிசோறு. முதல் வருஷமே இரண்டு விதி எழுதிக்கொண்டோம். பத்து வயதைத் தாண்டிய ஆண் யாருக்கும் வேனில் இடமில்லை. இரண்டாவது, பை காவலுக்கு என்று ஒருத்தியை உட்கார வைக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருத்தியாக முறை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முறைப் பட்டியல் ஒவ்வொரு வருஷமும் நோட்டில் இருக்கிறது.

இந்த இரண்டாவது விதியின் அருமை எனக்குப் பிற்பாடுதான் முழுதாக விளங்கியது. அமெரிக்காவில் 1955ல் டிஸ்னிலேண்டைத் திறந்தாரே வால்ட் டிஸ்னி, அவருக்கு அந்த யோசனை எப்படி வந்தது என்று என் மகள் படித்துச் சொன்னாள். தன் பெண் குழந்தைகள் ராட்டினம் சுற்ற, இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாராம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருந்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியதாம். தோழிகளே, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார்? நாம்தானே! செருப்பு, பை, தண்ணீர் பாட்டில், ஈரத்துண்டு எல்லாவற்றுக்கும் நடுவில். குடும்பத்தோடு போகும்போது எல்லாம் எனக்கு அந்தப் பெஞ்சுதான். சீட்டில் போகும் ஒரு நாள் மட்டும் கொலம்பஸ் கப்பலின் கடைசி வரிசை.

"உள்ளூர்லயே இவ்ளோ பெரிய கோட்டை இருக்கு, அதை விட்டுட்டு தகர ராட்டினத்துக்கு எதுக்கு அவ்ளோ தூரம்?" என்று என் நாத்தனார் கேட்காத வருஷம் இல்லை. செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் பட்டியலில் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தபோது எனக்கும் பெருமைதான். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். வெளியூர்ச் சொந்தம் யார் வந்தாலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு ராஜகிரி ஏறுவதும், டிபன் கேரியர் தூக்குவதும், கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் காட்டுவதும் நாங்கள்தான். வீட்டுக்கு வந்து அவர்களுக்குக் கால் வலிக்கு வெந்நீர் போடுவதும் நாங்கள்தான். கோட்டை எங்களுக்கு விருந்தாளி வேலை. ராட்டினம் அப்படியா?

28 பயணம் போயிருக்கிறோம். கிஷ்கிந்தா, முட்டுக்காடு எம்.ஜி.எம்., வி.ஜி.பி. கோல்டன் பீச் இவை மாற்றி மாற்றி. வி.ஜி.பி. வாசலில் அசையாமல் நிற்பாரே சிலை மனிதர், அவரைச் சிரிக்க வைக்க எங்கள் பூக்கார அக்கா அரை மணி நேரம் பாடுபட்டது ஒரு தனிக்கதை. (அவர் சிரிக்கவில்லை. நாங்கள்தான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து நின்றோம்.) மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கு ஒருமுறை. கொச்சியில் 2000ல் திறந்த வீகாலேண்டுக்கு, அது வொண்டர்லா என்று பெயர் மாறுவதற்கு முன்பு, ரயிலில் ஒருமுறை. பெங்களூரு வொண்டர்லாவுக்கு, அது 2005ல் வந்த பிறகு, மூன்று முறை.

நோட்டின் பின்பக்கத்தில் கணக்கு இல்லை. குறிப்புகள்தான். எந்தப் பூங்காவில் எந்த ராட்டினத்துக்கு முதலில் ஓட வேண்டும், எதில் வரிசை மதியம் குறையும், தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு எதில் ஏறவே கூடாது என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல எழுதியது. புடவையோடு தண்ணீர் விளையாட்டுக்கு விடமாட்டார்கள், நைலான் துணி வேண்டும் என்று தெரிந்ததும், எங்கள் தெருத் தையல்காரம்மா 18 பேருக்கும் ஒரே நீல நிறத்தில் கை வைத்த உடுப்பு தைத்துக் கொடுத்தார். அலைக்குளத்தில் யாரும் தொலைந்து போகாமல் இருக்க அந்த நீலம் உதவியது. கழுத்துச் சங்கிலியைப் பாவாடை நாடாவில் முடிந்து ஊக்கு போடுவது, மாற்றுத்துணியை ஈரத்துணியிலிருந்து பிரிக்க உரச்சாக்கின் உள் பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொண்டுபோவது... இப்படி 40 பக்கம்.

பிறகு ஏன் முடித்தீர்கள் என்று கேட்பீர்கள். சண்டை எதுவும் இல்லை. 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ராட்டினம் ஒன்று சோதனை ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகி ஊழியர் ஒருவர் இறந்தார். அந்தச் செய்திக்குப் பிறகு நாலு வீட்டில் "வேணாம்" என்றார்கள். 2017 ஜூலையில் பூங்கா டிக்கெட்டுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. மறு ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள், ஆனாலும் சீட்டுத் தொகையை 200 ஆக்க வேண்டியிருந்தது. 2020லும் 2021லும் கொரோனா. அதற்கெல்லாம் மேலே, முழங்கால்! இரத்தக் கொதிப்பு, முதுகு வலி, இதய நோய் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று ராட்டின வாசலில் பலகை வைத்திருப்பார்கள் அல்லவா? முதலில் அதைப் படிக்காமலே ஓடினோம். அப்புறம் படித்துவிட்டு ஓடினோம். 2025 மே பயணத்தில் வந்தவர்களே 7 பேர்தான், அதில் ராட்டினம் ஏறியது 3 பேர். மற்ற நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முறைப் பட்டியல் போட அவசியமே இல்லாமல் போனது.

மருமகள்களைச் சேர்க்கலாமே என்று சிலர் சொன்னார்கள். கேட்டோம். அவர்கள் போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டு, புருஷன் பிள்ளையோடு காரில் போகிறார்கள். "அத்தை, நீங்களும் எங்களோட வாங்களேன்" என்று அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு எங்கள் சீட்டு தேவைப்படவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நாங்கள் சீட்டு கட்டியதே தனியாகப் போக வேறு வழி இல்லாததால்தான்.

இந்த இடத்தில் பலரும் செய்வது, அப்படியே விட்டுவிடுவது. அடுத்த மாதம் வசூலுக்குப் போகாமல் இருந்தால் போதும், தானாக நின்றுவிடும். ஆனால் நோட்டில் 14,350 ரூபாய் மீதி இருந்தது. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை. பேரப்பிள்ளை பரீட்சை எல்லாம் முடிந்து, மார்கழியில் ஒரு மதியம் டீச்சர் அக்கா வீட்டுத் திண்ணையில் கூடினோம். 11 பேர் வந்தார்கள்.

பணத்தை என்ன செய்வது? மேல்மலையனூரில் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு வருகிறவர்களுக்கு அன்னதானம் போடலாம் என்றார்கள் நாலு பேர். அந்த மாதம்தான் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா புதிதாகத் திறந்திருந்தது. "கடைசியா ஒரு வாட்டி போய்ட்டு வந்துடலாம்டி, எவ்ளோ கிட்டத்துல வந்திருக்கு பாரு!" என்றார் பூக்கார அக்கா. எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்! ஆனால் ஒரு டிக்கெட்டே ஆயிரத்து நானூறுக்கு மேல், வேன் வாடகை வேறு. ஏறப்போவது மூன்று பேர்.

அப்போதுதான் நோட்டை எடுத்து அந்த 14,350 எப்படி வந்தது என்று படித்தேன். எங்கள் வழக்கப்படி, பணம் கட்டியவர் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்காது. வேன் வாடகை ஆளுக்கு ஏற்பக் குறையாதே, அதற்காக வைத்த விதி. வேன் வாடகை போக, வாங்காத டிக்கெட்டின் பணம் பொதுவில் சேரும். மீதி முழுவதும் அப்படிச் சேர்ந்ததுதான். பெரும்பகுதி யாருடையது தெரியுமா? எங்களுக்கெல்லாம் நீல உடுப்பு தைத்த அதே தையல்காரம்மாவுடையது. அவர் ஒரு வருஷம் விடாமல் கட்டியவர். 28 பயணத்தில் வந்தது 6. மே மாதம் என்றால் வைகாசி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் குவிந்து கிடக்கும் நேரம். ஒவ்வொரு வருஷமும் "இந்த வாட்டி வந்துடறேன்" என்று சொல்லிக் கட்டுவார். முந்தின நாள் ராத்திரி வந்து, "போய்ட்டு வாங்க, எல்லாத்தையும் வந்து சொல்லுங்க" என்பார்.

ஓடுகிற வண்டிக்கு அந்த விதி சரி. வண்டியே நின்ற பிறகு அந்தப் பணத்துக்கு மற்றவர்கள் எப்படிச் சொந்தக்காரர்கள் ஆவோம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அன்னதானம்னா எல்லாருக்கும் புண்ணியம்" என்று ஒருவர் மெல்ல ஆரம்பித்தார். டீச்சர் அக்கா, "அடுத்தவ காசுல நமக்கு எதுக்கு புண்ணியம்?" என்று வெட்டிவிட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டி, யார் யார் எந்த வருஷம் வரவில்லை என்று கூட்டினோம். தையல்காரம்மாவுக்கு 8,900. இன்னும் மூன்று பேருக்கு மீதி. அதில் ஒருவர் இப்போது இல்லை. அவர் பங்கைத் திருவண்ணாமலையில் இருக்கும் அவருடைய மகளுக்கு மணியார்டர் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அம்மா ராட்டினம் ஏறினார் என்பதே அவளுக்குத் தெரியாதாம்!

தையல்காரம்மா "ஐயோ எனக்கு வேணாம்" என்று மறுப்பார் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள் போல. அவர் மறுக்கவில்லை. வாங்கினார், எல்லோர் முன்னாலும் இரண்டு தரம் எண்ணினார், சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். "வாங்கிக்கிட்டாங்களே" என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. ஏன் வாங்கக் கூடாது? ஊசி பிடித்துச் சம்பாதித்த காசு. ஒரு நாள் விளையாட்டுக்கு என்று அவர் ஒதுக்கியது, அவருக்குக் கிடைக்காமலே போனது. பணமாவது கிடைக்கட்டுமே!

பாத்திரங்களை ஏலம் போட்டோம். பெரிய அண்டாவும் டேக்சாவும் பூக்கார அக்கா வீட்டுக்குப் போயின. ஜமுக்காளம் கிழிந்துவிட்டது, அதை யாரும் கேட்கவில்லை. போட்டோக்களை அவரவர் இருக்கும் படமாகப் பார்த்துப் பிரித்துக்கொண்டோம். எல்லோரும் சேர்ந்து நீல உடுப்பில் நனைந்து நிற்கும் ஒரு படத்துக்கு மட்டும் போட்டி வந்தது. ஸ்டூடியோவில் 11 பிரதி போட்டு அந்தப் பிரச்னையைத் தீர்த்தோம்.

நோட்டு என்னிடமே இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் வரவு, செலவு, இருப்பு பூஜ்யம் என்று எழுதி, வந்த 11 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தையல்காரம்மா போன வாரம் வந்து, வொண்டர்லாவில் எதில் முதலில் ஏறுவது என்று அதில் ஏதும் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். பெங்களூருக் குறிப்புகள்தான் இருக்கின்றன, இது புதுசு, இங்கே தலைகீழாகத் தொங்கவிடும் ரோலர் கோஸ்டர் எல்லாம் இருக்கிறதாம் என்றேன். "அப்ப நீயும் கூட வா, நோட்ட எடுத்துக்க" என்றார். மே மாதம் வேண்டாமாம், ஆடியில் தையல் வேலை குறைச்சலாம்.

— ஒரு வாசகி, செஞ்சி.