பேஸ்மேக்கரும் காந்தமும்: எதற்குப் பயப்பட வேண்டும்?

அபிராமத்திலிருந்து மதுரைக்குப் போய் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு திரும்புகிறவர்களிடம் ஊரார் கேட்பது இரண்டு கேள்விகள். செல்போன் பேசலாமா? கமுதிப் பக்கம் போகும் உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே நடக்கலாமா? இரண்டையும் செய்யலாம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

காந்தம் பட்டால்

பேஸ்மேக்கர் நின்றுவிடாது. பெரும்பாலான கருவிகள் இதயத் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு, ஒரே சீரான வேகத்தில் தூண்டத் தொடங்கும். காந்தத்தை எடுத்ததும் பழையபடி வேலை செய்யும். இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பாட்டரியைச் சோதிக்க டாக்டர்களே மேலே காந்தம் வைப்பதுண்டு.

ஐ.சி.டி. எனும் அதிர்ச்சிக் கருவி உள்ளவர்கள்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். காந்தம் அருகில் இருக்கும்வரை, உயிருக்கு ஆபத்தான துடிப்பு வந்தாலும் அது அதிர்ச்சி கொடுக்காது. ஐபோன் 12-ஐ நெஞ்சருகே கொண்டுபோனபோது ஒரு ஐ.சி.டி. இப்படி அடங்கிப்போனதை அமெரிக்க டாக்டர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள்.

ஒரு சாண் தள்ளி

தூரம் கூடக்கூட காந்தப்புலம் மளமளவென்று குறையும். செல்போனுக்கு 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு, போதும். சட்டைப் பையில் வேண்டாம்; கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைத்துப் பேசுங்கள். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

மூட்டுவலி போகும் என்று சொல்லி, தெரிந்தவர்களே வீடு தேடி வந்து விற்கும் காந்தப் படுக்கையைத் தொடவே வேண்டாம். இரவு முழுக்க நெஞ்சுக்கு அடியில் காந்தம் கிடக்கும். சொந்தக்காரர் மனம் கோணினாலும் பரவாயில்லை.

எம்.ஆர்.ஐ. அறையில்

இங்கே விளையாட்டில்லை. ஸ்கேனரின் காந்த வலிமை 1.5 டெஸ்லா என்றால், அது 15,000 காஸ். கருவியின் காந்த ஏற்பாட்டைத் தூண்ட சுமார் 10 காஸே போதும். ஸ்கேனரின் காந்தம் எந்நேரமும் இயங்கும். மும்பை நாயர் மருத்துவமனையில் 2018-ல் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனவரை அது இழுத்து, அவர் உயிரே போனது.

பழைய பேஸ்மேக்கரில் இதயத்துக்குள் போகும் ஒயர் ஆன்டெனாபோல ரேடியோ அலைகளை வாங்கி, நுனி சூடாகி இதயத் தசையைச் சுடலாம். ஸ்கேனரின் மின்காந்த இரைச்சலைத் துடிப்பென்று கருவி ஏமாறலாம். எனவே புதிய கருவிகளில் இரும்பைக் குறைத்து, ஒயரின் சுருளை மாற்றி, தனி எம்.ஆர்.ஐ. முறையும் வைத்தார்கள். அமெரிக்காவில் இத்தகைய முதல் பேஸ்மேக்கருக்கு 2011-ல் அனுமதி கிடைத்தது. ஸ்கேனுக்கு முன் அந்த முறைக்கு மாற்றி, முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது ஒன்றில். பாட்டரி தீர்ந்ததும் அது இருக்கும் பெட்டி மட்டும் புதிதாகிறது, ஒயர் பழையதாகவே இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் அது எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற கருவி.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்கள் குழம்ப வேண்டாம். ராமேசுவரத்து அப்துல் கலாம் இதய மருத்துவர் சோமராஜுவுடன் சேர்ந்து மலிவாக உருவாக்கியது ஸ்டென்ட். அதில் பாட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை.

அட்டை

ஆஸ்பத்திரியில் தரும் கருவி அட்டையைப் பீரோவில் பூட்டாதீர்கள். பெட்டி, ஒயர் இரண்டின் மாடலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். படமெடுத்து பிள்ளைகளின் செல்போனிலும் வையுங்கள். விமான நிலையத்தில் அதைக் காட்டி, சோதனை வாயிலில் நிற்காமல் நடந்துவிடுங்கள். கையில் பிடிக்கும் சோதனைக் கருவியை நெஞ்சின் மேல் பிடிக்க வேண்டாமென்று சொல்லுங்கள்.