யந்திரம் வரையும் சார்ஜர்

அமெரிக்கர் 'மசில் கார்' என ஒருவகை மோட்டார் வண்டியைக் குறிப்பிடுவர். நடுத்தர அளவான உடலிற் பெருவலி படைத்த எஞ்சினைப் பொருத்திய வண்டி அது. 1964ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பொண்டியாக் ஜீ.ரீ.ஓ. இவ்வகைக்கு வழிகாட்டிற்று என்பர். பின்வந்தவற்றுட் பெரும்பெயர் பெற்றது டொட்ஜ் சார்ஜர். அதன் 1969ஆம் ஆண்டு மாதிரியில், விரும்பியவர்க்கு 425 பரிவலு கொண்ட ஹெமி எஞ்சினும் கிடைத்தது.

அவ்வண்டியை இன்று பட்டறை எதுவுமின்றிக் கணினித் திரையிலே மீண்டும் உருவாக்கலாம். இரண்டொரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவு சிறிது நேரத்திற் படத்தைத் தந்துவிடும். மினுங்கும் வர்ணமும் மழை நனைத்த தெருவும் கண்டு, புகைப்படமென்றே பலர் நம்புவர். ஆனால், அது 1969ஆம் ஆண்டுச் சார்ஜர்தானா?

இதனை ஆராய, நேயர்களே, யந்திரம் வரையும் முறையை அறிதல் வேண்டும். கோடிக்கணக்கான படங்களும் அவற்றுக்குரிய விளக்கங்களும் முதலில் அதற்குக் காட்டப்படுகின்றன. படத்தின்மேல் மணல் தூவினாற்போலப் புள்ளிகளை இட்டு மறைப்பர். அம்மறைப்பை நீக்க யந்திரம் பழகும். பின்னர் வெறும் புள்ளிக் குழப்பத்தையும் நமது சொற்களையும் கொடுத்தால், படிப்படியாகக் குழப்பத்தை அகற்றி ஓர் உருவை வெளிக்கொணரும். குறித்த ஒரு வண்டியைப் பார்த்து அது வரைவதில்லை. அப்பெயரோடு கண்ட பல படங்களின் பொதுச் சாயலையே பெரும்பாலும் வரைகின்றது.

இங்கேதான் இடர். 1968 முதல் 1970 வரை சார்ஜரின் உடல் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு சிறு உறுப்புகளில். 1968இல் முன்புறக் கிறில் இடையறாத ஒரே பரப்பு; பின்விளக்குகள் வட்டமானவை. 1969இல் கிறிலின் நடுவே ஒரு பிரிப்பு வந்தது, பின்விளக்குகள் நீண்டன. 1970இல் முன்புற பம்பர் கிறிலைச் சுற்றி வளைத்தது. யந்திரமோ 1970இன் பம்பரையும் 1968இன் வட்ட விளக்கையும் ஒரே வண்டியிற் கூசாமற் பொருத்திவிடும். அண்ணன் தம்பி மூவரின் முகங்களைக் கலந்து, இதுதான் நடுப்பிள்ளை என்று நீட்டுவது போல!

மெய்யான புகைப்படத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 1979 முதல் 1985 வரை ஒளிபரப்பான 'டியூக்ஸ் ஒப் ஹசாட்' தொலைக்காட்சித் தொடருக்காக, 1968, 1970 வண்டிகள் சில 1969ஆக வேடம் தாங்கின.

பழைய வண்டியை உள்ளவாறே புதுப்பிப்போர்க்குப் பழைய புகைப்படமே பெருந்துணை. அவற்றோடு யந்திரப்படமும் அடையாளமின்றிக் கலந்தால், பிழையான விளக்கைத் தேடிப் பணமும் உழைப்பும் வீணாகும். அப்படங்களையே அடுத்த யந்திரமும் கற்குமாயின், பிழை இரட்டிக்கும்.

ஆகவே, சொல்லை மாத்திரம் நம்பாது, ஆண்டு ஐயமறத் தெரிந்த வண்டியின் புகைப்படமொன்றையும் யந்திரத்துக்குக் கொடுத்து, அதன் கோடுகளைப் பின்பற்றச் செய்வது நன்று. பின்னர் உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டு, பிழையான இடத்தை மட்டும் மீண்டும் வரையச் செய்யலாம். முதலிற் கிறிலின் நடுவைப் பாருங்கள், அடுத்துப் பின்விளக்கை.