முந்தி ஓடும் பிள்ளைக்கு என்ன பாடம்?

பள்ளியில் பின்தங்கும் பிள்ளையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். முந்தி ஓடும் பிள்ளையைப் பற்றிப் பேசுவது குறைவு. "அவனுக்கென்ன, கெட்டிக்காரன், தானாகப் படித்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஏழு வயதில் எதையும் சிரமமின்றி முடித்தே பழகிய பிள்ளை, பத்து வயதில் முதன்முறையாக ஒரு கடினமான கணக்கைச் சந்திக்கும்போது, அதனோடு மல்லுக்கட்டத் தெரியாமல் தாளை மூடி வைத்துவிடக்கூடும். கெட்டிக்காரன் என்று எல்லாரும் சொன்னது பொய்தானோ என்ற பயம் வேறு அதற்கு வந்துவிடுகிறது.

சரி, கூடுதலாகப் பயிற்சி கொடுப்போம் என்று புத்தகக் கடைக்குப் போகிறோம். பயிற்சி நூல்களை வாங்கி அடுக்குகிறோம். வகுப்பிலும் சில வேளை இதுவே நடக்கிறது. பத்துக் கணக்கை முதலில் முடித்தவனுக்கு இன்னும் பத்துக் கணக்கு! விரைவாக முடித்ததற்குத் தண்டனையா என்று பிள்ளை நினைக்காதா? அடுத்த நாள் மெதுவாகவே போடும். அதுவும் கெட்டிக்காரத்தனந்தான்.

வேண்டியது ஆழம். கூட்டல் நன்றாகத் தெரிந்த பிள்ளையிடம், 1 முதல் 10 வரை உள்ள எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டாமல் மொத்தம் காண வழி உண்டா என்று கேட்டுப் பார்ப்போம். முதலும் கடைசியும் சேர்ந்தால் 11. இரண்டும் ஒன்பதும் சேர்ந்தாலும் 11. இப்படி ஐந்து இணைகள், ஆக 55. இதைக் கண்டுபிடித்துத் துள்ளும் பிள்ளையிடம், "அப்படியானால் 1 முதல் 9 வரை?" என்று கேட்க வேண்டும். இப்போது நடுவில் 5 இணையில்லாமல் தனியே நிற்கிறது. பிள்ளை விழிக்கும். விழிக்கட்டும், உடனே விடை சொல்லிவிடக் கூடாது. நான்கு பத்துகளோடு அந்த ஐந்தையும் சேர்த்து 45 என்று அது வந்து சொல்ல அரை மணி ஆனாலும், அந்த அரை மணி நேரந்தான் பாடம்.

சிங்கப்பூரில் மிகுதிறன் மாணவர்களுக்கான கல்வித் திட்டம் 1984ல் தொடங்கியது. தொடக்கநிலை மூன்றில் தேர்வு வைத்து, ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரைத் தெரிந்தெடுத்து, நான்காம் ஆண்டு முதல் குறிப்பிட்ட சில பள்ளிகளில் தனி வகுப்பு நடத்தினார்கள். 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங் இம்முறை மாறும் என்று அறிவித்தார். அவரவர் பள்ளியிலேயே திறனை வளர்ப்பதும், மேலும் தேவைப்படுவோர்க்கு அருகிலுள்ள பள்ளியில் பள்ளி நேரத்திற்குப் பின் வகுப்புகள் நடத்துவதும் புதிய ஏற்பாடு. மலேசியாவில் 1996 முதல் 2000 வரை, மூன்றாம் ஆண்டில் ஒரு தேர்வெழுதித் தேறியவர்கள் நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போக முடிந்தது. தலை ஐந்தாம் வகுப்பிலும் விளையாட்டுத் தோழர்கள் நான்காம் வகுப்பிலும் இருந்தால் பிள்ளை யாரோடு விளையாடும் என்று நமக்குத் தோன்றுகிறது.

எப்படியானாலும் இவையெல்லாம் மூன்றாம் ஆண்டுக்கு மேற்பட்டவை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆசிரியரும் நாமுந்தான். 2019 முதல் சிங்கப்பூரில் அவ்விரு வகுப்புகளுக்கும் மதிப்பெண் தேர்வு இல்லாததால், பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை மதிப்பெண்ணைக் கொண்டு அறிய முடியாது. ஆகவே ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் பிள்ளை தானாகச் செய்த இரண்டொரு தாள்களைக் கொண்டுபோவது நல்லது. அவற்றில் ஒன்று, அது பாதியில் திணறி நின்ற தாளாக இருக்கட்டும். "என் பிள்ளைக்கு வகுப்புப் பாடம் போதவில்லை" என்று தொடங்கினால், முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியருக்கு அது குறையாகத்தான் கேட்கும். "இந்தப் பகுதி இவனுக்குத் தெரிந்துவிட்டதா என்று ஒருமுறை பார்ப்பீர்களா ஆசிரியர்? தெரிந்திருந்தால், பத்தில் கடினமான மூன்றை மட்டும் போட்டுவிட்டு, மீதி நேரத்தில் வேறொரு கேள்வியை யோசிக்கலாமா?" என்று கேட்கலாம். அந்தக் கேள்விகளை நாமே எழுதிக் கொடுத்தனுப்பவும் முன்வரலாம். கணக்கில் முந்தும் பிள்ளை தமிழ் எழுத்தில் வகுப்போடு சேர்ந்தே நடக்கலாம். அதையும் ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, நான்கைந்து வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை போய்ப் பார்ப்போம்.