கண்ணாடியில் மிஞ்சும் கோடுகள்

அம்பத்தூர் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலையில் ஜன்னல் கண்ணாடியை அழுந்தத் துடைக்கிறேன். பளிச்சென்று இருக்கிறது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால் கோடு கோடாக, திட்டுத் திட்டாகத் தெரிகிறது. அழுக்கு ஏன் போகமாட்டேன் என்கிறது?"

அழுக்கு போய்விட்டது அம்மா. இப்போது தெரிவது நீங்கள் துடைத்த தண்ணீரும் சோப்பும்தான்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடங்களில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. 1,000 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி கண்ணாடியில் காய்ந்தால், 10 மில்லிகிராம் உப்பு அங்கேயே தங்கிவிடும். அதுவும் பரவலாகப் படியாது. மேசையில் சிந்திய காப்பித் துளி காய்ந்தால் நடுவில் வெளுத்து, ஓரத்தில் கறுத்த வளையமாக நிற்கிறதல்லவா, அதே கதைதான். துளியின் ஓரம் நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கேதான் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. அந்தக் குறையை நிரப்ப நடுவிலிருக்கும் நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, தன்னிடம் உள்ளதையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் குவிக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் சிட்னி நாகலும் சகாக்களும் 1997இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார்கள்.

ஆகவே கண்ணாடியில் தண்ணீர் தானாகக் காயவே கூடாது. நாம்தான் அதை வழித்தெடுக்க வேண்டும். வெயில் நேராக அடிக்கும்போது துடைக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். சூடான கண்ணாடியில் கை எட்டுவதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டுகள் போதும். நுரை பொங்கினால் சோப்பு அதிகம் என்று பொருள். உப்பு குறைந்த தண்ணீர் வேண்டுமென்றால் மழைநீர் இருக்கிறது, ஏசியிலிருந்து சொட்டும் நீர் இருக்கிறது.

வழித்தெடுக்கச் சிறந்த கருவி ஒற்றை ரப்பர் பட்டை வைத்த வைப்பர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிக் கண்ணாடி துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே, 1936இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை இருந்தவை கனத்த இரும்புக் கருவிகள். வேலை செய்த கையே வடிவமைத்த கருவி என்பதால் இத்தனை காலம் கழிந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ரப்பர் ஓரத்தைத் துணியில் துடைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்குத்தான் கோடு விழுகிறது. மைக்ரோஃபைபர் துணி வைத்திருப்பவர்கள் அதைத் துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசாமல் இருந்தால் போதும். அந்தத் திரவம் துணியில் படிந்து, துணியிலிருந்து கண்ணாடிக்கு ஏறும்.

சரி, கோடு போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாயங்கால வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். கண்ணாடியில் வாய் வைத்து ஊதுங்கள்.

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும்போது குழந்தைகள் விரலால் பெயர் எழுதுவார்கள். ஆவி போனதும் பெயரும் மறையும். மறுநாள் வெந்நீர் ஆவி படிந்ததும் அதே பெயர் அதே இடத்தில் எழுந்து வரும்! ஆர்கான் வாயுவைக் கண்டுபிடித்து 1904இல் நோபல் பரிசு பெற்ற ராலே பிரபுவையே இந்த மூச்சுக்கோலங்கள் விடவில்லை. 1911இல் இதைப் பற்றி 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கனும் இதில் மூழ்கியவர். கண்ணாடிமேல் ஒரு சிறு தீச்சுடரை ஓட்டிவிட்டு, ஆறியபின் ஊதினால், சுடர் போன தடம் மட்டும் தெளிவாக நிற்கும். சுற்றிலும் வெள்ளையாகப் பனிக்கும். மாசற்ற கண்ணாடிக்குத் தண்ணீர் என்றால் உறவு. நீர் அதன்மேல் மெல்லிய படலமாகப் பரவிவிடும், ஒளி தடையின்றிப் போகும். கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப்பசை இருந்தாலும் நீர் பரவாமல் நுண்துளிகளாகச் சுருண்டு, ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். சோப்பு மிச்சம் இருக்கும் இடத்தில் நீர் வேறு விதமாகப் படியும். ஆக, மூச்சு எங்கும் ஒரே சீராகப் படிந்து, ஒரே சீராக மறைந்தால் துடைப்பு சரி. திட்டாகப் படிந்தால் இன்னொரு முறை துடைக்க வேண்டியதுதான். ஜன்னலுக்கு இதைவிட நுட்பமான கருவி தேவையே இல்லை.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதன் முதுகில் வெள்ளிப் பூச்சு இருக்கிறது. ஸ்பிரேயைக் கண்ணாடிமேல் நேராக அடித்தால் திரவம் வழிந்து கீழ் ஓரத்தில் தேங்கி, உள்ளே கசிந்து, அந்தப் பூச்சை அரிக்கும். ரசம் போய்க் கறுத்த கண்ணாடிகளில் பெரும்பாலும் கீழ் ஓரம்தான் முதலில் கெடுகிறது. துணியில் அடித்துத் துடைத்தால் பிரச்சினை இல்லை. விளம்பரங்களில் மட்டும் யாருமே துணியில் அடிப்பதில்லை, கண்ணாடி நனைய நனைய அடிக்கிறார்கள்.

வீட்டு ஜன்னலில் கோடு விழுந்தால் கண்ணுக்கு உறுத்தல், அவ்வளவுதான். வண்டியின் முன்கண்ணாடியில் அது உயிர் சம்பந்தப்பட்டது. எதிர்வரும் விளக்கின் ஒளி ஒவ்வொரு கோட்டிலும் சிதறும். சாலை ஓரத்தில் நடப்பவர் அந்த வெளிச்சப் புகைக்குள் மறைந்துபோவார். இதை அறியாமல், பேருந்து நிலையங்களில் தூசி படிந்த கண்ணாடியை வறண்ட துணியால் பரபரவென்று தேய்ப்பதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. தூசியில் உள்ள மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. அது கிழிக்கும் கீறலை எந்தத் திரவமும் ஆற்றாது. முதலில் தண்ணீர் விட்டு மணலைக் கழுவி இறக்கிவிட்டுப் பிறகு துடைக்க எத்தனை நிமிடம் ஆகிவிடும்?

உட்புறத்தையும் யாரும் கவனிப்பதில்லை. வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி, முன்கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய பசையாகப் படிகிறது. பகலில் அது தெரியாது. இரவுப் பயணம் கிளம்புமுன் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியில் ஒருமுறை ஊதிப் பாருங்கள். திட்டுத் தெரிந்தால் துடைத்துவிட்டு வண்டியை எடுங்கள்.