வயலும் தட்பவெப்ப நிலையும்

மழை பொய்த்தால் பயிர் வாடும் என்பதை எந்த மாணவனும் கூறிவிடுவான். பயிர்த்தொழிலும் காற்று மண்டலத்தை மாற்றவல்லது என்றால் ஐயுறுவான். இவ்விரண்டையும் ஒரே வயலைக் கொண்டு விளக்கலாம். பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் பெரும்பாலான நிலங்களில் குளிர்காலத்தில் கோதுமையும் மழைக்காலத்தில் நெல்லும் மாறி மாறி விளைகின்றன. ஆகவே அவ்வயல்கள் இப்பாடத்திற்கு மிகவும் ஏற்றவை.

மார்ச்சு மாதம் கோதுமைக் கதிரில் பால் ஏறி மணி முதிரும் காலம். அப்போது உஷ்ணம் மிகுந்தால் பயிர் விரைந்து பழுத்துவிடும். மணி நிரம்புவதற்குரிய நாட்கள் குறைந்து தானியம் சுருங்கும். 2022 மார்ச்சில் நேர்ந்தது இதுவே. 1901 முதலுள்ள பதிவுகளில், அதுவரை கண்ட மார்ச்சு மாதங்கள் எவற்றினும் அம்மாதத்தின் பகல் வெப்பம், நாடு முழுமைக்குமான சராசரியில், மிக்கிருந்தது. விளைச்சல் குறைந்தது, மே 13 அன்று அரசாங்கம் கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது.

ஒரு மாத வெப்பத்தையே தட்பவெப்ப மாற்றமென மாணவர் கருதிவிடலாகாது. ஒரு நாளின் அல்லது மாதத்தின் நிலை வானிலை. முப்பது ஆண்டுச் சராசரியே தட்பவெப்ப நிலை. (இவ்விரு சொற்களும் ஒன்றற்கொன்று மாற்றி ஆளப்பட்டு வருந்தொல்லையை மொழிபெயர்ப்போர் நன்கறிவர்.) உலகின் சராசரி வெப்பம் உயர உயர, இத்தகைய மார்ச்சுகள் அடிக்கடி வரக்கூடும் என்பதே கவலைக்குரியது.

அதே வயலில் ஆடி மாதம் நெல் நிற்கிறது. நீர் தேங்கிய மண்ணுள் பிராணவாயு எளிதிற் புகாது. பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் தாளையும் வேரையும் சிதைக்கையில் மீதேன் வாயு தோன்றுகிறது. அதன் பெரும்பகுதி குமிழியாக அன்றி, நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகளின் வழியே வெளியேறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தை இது தேக்கவல்லது. ஆயினும் ஒரு வயலின் வாயு அவ்வயலையே சுடுவதில்லை. உலகெங்கும் பரவிக் கலக்கிறது.

இதனை வகுப்பிலேயே ஓரளவு காட்டலாம். இரு கண்ணாடிச் சாடிகளில் வயல் மண்ணும் நறுக்கிய வைக்கோலும் இட்டு, ஒன்றில் நீரை எப்போதும் தேக்கியும், மற்றதில் அவ்வப்போது வடித்தும் வைக்க வேண்டும். சில வாரங்களில் தேங்கிய சாடியில் குமிழிகள் தோன்றும். அவற்றில் மீதேனுடன் வேறு வாயுக்களும் உண்டு. சாடியை இறுக மூடலாகாது. அருகே நெருப்பும் கூடாது.

வயலிலும் பரிகாரம் இதுவே. துளையிட்ட குழாயொன்றை மண்ணிற் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் மீண்டும் பாய்ச்சலாம். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். இதனால் மீதேன் கணிசமாகக் குறையும்; நீரும் மிஞ்சும். ஆனால் மண் காய்ந்து நனையுங்கால் தழைச்சத்து உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு மிகுதியாகத் தோன்றக்கூடும். ஆகவே யூரியாவையும் அளவறிந்து இட வேண்டும்.

நெல் விளைவிப்போனே குற்றவாளி என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் படிய விடலாகாது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 380 இலட்சம் டன் மீதேனை வெளியிடுகின்றன என்று அமெரிக்கக் கணிப்பு ஒன்று முன்பு கூறிற்று. அது நம் வயல்களில் அளந்து பெற்றதன்று. 1991இல் டாக்டர் ஏ. பி. மித்ராவின் தலைமையில் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் பல மாநிலங்களில் அளவீடு நடத்திற்று. பயிரின்மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளிருந்த காற்றைக் குறித்த இடைவெளிகளில் எடுத்துச் சோதித்தனர். கிடைத்த கணக்கு ஆண்டுக்குச் சுமார் 40 இலட்சம் டன். நீர் இடையறாது தேங்கும் வயலில் வாயு மிக்கும், இடையிடையே காயும் வயலில் குறைந்தும் காணப்பட்டது.