பெற்றரி மீது பழி, குற்றவாளியோ வயர்! பழைய கார் கற்றுத்தந்த வியாபாரப் பாடம்

மாத்தளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் நண்பர் ஒருவரிடம் 1970களின் தொடக்கத்தில் தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. ஆசைக்கு வாங்கியது. ஆனால் கடைக் காசில் வாங்கியது. மாரி மழை தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆகாது. இரவில் தலை விளக்குகள் மங்கின. பிறகு டாஷ்போர்டுக்குக் கீழிருந்து கருகல் வாடையும் வந்தது.

முதலில் போன இடத்தில் "பெற்றரி போய்விட்டது" என்றார்கள். புதிது போட்டார். பத்து நாளில் பழைய கதைதான். இரண்டாவது இடத்தில் "ஓல்டர்னேட்டர் சரியில்லை" என்றார்கள். அதையும் மாற்றினார். காசு போனது, பிழை போகவில்லை.

மூன்றாவதாக, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறு கராஜுக்குப் போனார். அங்கிருந்த பாஸ் எதையும் விற்கப் பார்க்கவில்லை. முதலில் பெற்றரியின் ஏர்த் கேபிளைக் கழற்றி வைத்தார். பிறகு கேள்விதான் கேட்டார். "நானா, மழைக்குப் பிறகுதானா இப்படி? உங்களுக்கு முன்னால் இருந்தவர் காரில் என்னென்ன பூட்டினார்?"

கணக்குப் பார்ப்பது போல ஒரு சோதனை

பெற்றரியை முழுதாக சார்ஜ் செய்து மல்ட்டிமீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட். ஓடும்போது 14 வோல்ட்டுக்குச் சற்று மேல். அதாவது பெற்றரியும் நல்லது, சார்ஜும் நல்லது. 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஓல்டர்னேட்டரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம்.

அடுத்து, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பெற்றரிக்கும் ஏர்த் கேபிளுக்கும் இடையே மீட்டரை அம்பியரில் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் 1.2 அம்பியர் காட்டியது. 50 அம்பியர்-அவர் பெற்றரியை இது கணக்குப்படி சுமார் 40 மணி நேரத்தில் காலியாக்கிவிடும். இரண்டு நாளில் கார் படுத்ததன் இரகசியம் இதுதான்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மீட்டர் அசையவில்லை. அப்படியானால் கசிவு பியூஸுக்கு முன்னால். பிரித்தானியக் கார்களில் லூக்காஸ் நிறுவனத்தின் வயர் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மண்ணிறம் பெற்றரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வருவது. வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, சாவிக்கும் பியூஸுக்கும் பின்னால் வருவது. ஊதா, பியூஸ் வழியாக எப்போதும் உயிரோடிருப்பது. நீலம் தலை விளக்கு, சிவப்பு பக்க விளக்கு, கறுப்பு ஏர்த்.

பாஸ் மண்ணிற வயரைத் தொடர்ந்து போனார். டாஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ அதில் இன்னொரு வயரை முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அது இருக்கைக்குப் பின்னால் இருந்த அம்ப்ளிபயருக்குப் போனது. கன்வஸ் கூரையால் ஒழுகிய மழையில் அது நனைந்து கிடந்தது. வயரைக் கழற்றியதும் மீட்டர் பூச்சியத்துக்கு இறங்கியது.

கருகல் வாடை ஏன்?

விளக்குகளைப் போட்டுப் பார்த்தபோது பெற்றரியில் இருந்த மின்னழுத்தத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் விளக்குக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு பகுதியைத் துருப்பிடித்த ஏர்த் இணைப்பு விழுங்கியது. மீதியை வயரும் சுவிட்சும் விழுங்கின. முன்னைய சொந்தக்காரர் ஏ-9 வீதியின் இரவு ஓட்டத்துக்காக 100 வோட்ஸ் பல்ப்கள் போட்டிருந்தார். இரண்டு பல்ப் 200 வோட்ஸ். 12 ஆல் வகுத்தால் சுமார் 17 அம்பியர். அந்த மெல்லிய வயர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். அந்தக் காரின் தலை விளக்கு வழியில் பியூஸும் கிடையாது. இன்னும் சில இரவுகள் ஓடியிருந்தால் காரோடு கராஜும் எரிந்திருக்கலாம்.

உருகிய வயர்களை வெட்டி, அதே தடிப்பில் அதே நிறத்தில் புதிது போட்டார். ஏர்த் இடங்களை இரும்பு தெரியும்வரை சுரண்டி இறுக்கி, கிரீஸ் பூசினார். சாதாரண பல்ப்களோடு, பியூஸுடன் கூடிய ரிலேயும் பூட்டினார். வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் போட்டார். ஒன்றரை நாள் வேலை. சாமான் செலவு சொற்பம், கூலிதான் அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே அந்த முக்கால் பணம்தான் நியாயமான செலவு. கழற்றிப் போட்ட பழைய பெற்றரியும் பழைய ஓல்டர்னேட்டரும் சோதித்தபோது நல்லவையாகவே இருந்தன!

நமக்கு ஏன் இந்தக் கதை?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனம் எதுவானாலும் பொன்னாக மதிக்கப்பட்டது. ஸ்போர்ட்ஸ் கார் எல்லோரிடமும் இல்லை. ஆனால் பழைய லொறியும் வேனும் நம்மில் பலருடைய பிழைப்பு. பிழை தேடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் மலையகத்தை உலுக்கியது. வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் வயர் இணைப்புகளில் பச்சை பூப்பது மாதங்கள் கழித்தே தெரியவரும். ஆகவே வாங்குவோரும் வைத்திருப்போரும் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும்.

1. நீரில் நின்ற வாகனத்தில் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் பெற்றரியைக் கழற்றுங்கள். இணைப்புகளை நல்ல தண்ணீரில் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே மற்றவை.

2. பியூஸ் எரிந்தால் பெரிய பியூஸோ வயர்த் துண்டோ போடாதீர்கள். பியூஸ் இருந்த இடத்தில் டெஸ்ட் லாம்ப் ஒன்றை மாட்டி, அந்த வழியிலுள்ள பல்ப் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். லாம்ப் எரிந்தால் ஷோர்ட் இருக்கிறது. வயரை அசைத்துக்கொண்டே போங்கள். அணையும் இடத்தில் பிழை அகப்படும்.

3. 1967க்கு முந்திய எம்.ஜி.பி. போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் பொசிட்டிவ் முனைதான் ஏர்த். பார்க்காமல் பெற்றரியை மாற்றிப் பூட்டினால், பின்னர் போட்ட ரேடியோவும் ஓல்டர்னேட்டரும் கருகும்.

4. எந்தச் சாமானை மாற்றச் சொன்னாலும் "மீட்டர் என்ன காட்டியது?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்பவரை நம்பலாம். "மாற்றிப் பார்ப்போம்" என்பவர் உங்கள் காசில் பரீட்சை எழுதுகிறார்.

5. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கராஜ் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிழை பார்ப்பதற்கென்று தனியாக ஒரு கூலி வையுங்கள், அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பார்ப்பது இலவசம் என்றால் சாமான் விற்றுத்தான் பிழைக்க வேண்டிவரும். நமது நண்பர் இப்போது தன் லொறி இரண்டையும் அந்தப் பெயர்ப்பலகை இல்லாத கராஜுக்கே அனுப்புகிறார். ஒரு சாமானும் விற்காத பாஸுக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.